தாத்தாவுக்கு ஒரு பை

கதவு தட்டின சத்தம் கேட்டுத் தலைமயிரை ஒருக்கால் தடவிப்போட்டுத்தான் திறந்தன். வாசலிலை ஒரு பொம்பிளை. முப்பத்தைஞ்சு வயசுக்கு மேலை சொல்லேலாது. கறுப்பு அபாயா, தலையிலை சாம்பல் நிறத் துணி. மூண்டு மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கேல்லை. ஒரு கையாலை சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"நஸ்ரியா ஒரு பை வெச்சிட்டுப் போனாளாம். அத எடுக்க வந்தேன்," எண்டா.

"அது நஸ்ரியாவின்ர தாத்தாவுக்கெல்லோ," எண்டன் நான்.

"நான்தான் தாத்தா."

நான் அவவை மேலையும் கீழையும் பாத்தன். "என்ன பிள்ளை சொல்லுறீர்?"

"நான்தான் நஸ்ரியாட தாத்தா," எண்டு திரும்பவும் சொன்னா. இந்த முறை கொஞ்சம் உரத்து, காது கேக்காத ஆளுக்குச் சொல்லுற மாதிரி.

எனக்கு வந்த கோவத்தைச் சொல்லேலாது. "பகிடி விட வேறை ஆள் கிடைக்கேல்லையோ உமக்கு? நான் என்ன விசரியே?" எண்டு கேட்டன். ஆற்றையோ பையை அமத்திக்கொண்டு போக வந்த கள்ளி எண்டுதான் என்ர மனம் சொல்லிச்சுது.

அவவின்ர முகம் மாறிப்போச்சுது. சுவரிலை இருந்து கையை எடுத்திட்டு, "எனக்குக் குடுக்க வாணாமெண்டு நஸ்ரியாவா சொன்ன?" எண்டு கேட்டா.

"ஓம், அவதான் சொன்னவ," எண்டு சொல்லிக் கதவைச் சாத்தினன்.

அது பச்சைப் பொய். நஸ்ரியா அப்பிடி ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன். அவ ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைச்சு வைச்சு இறங்கிப் போன சத்தம் கனநேரம் கேட்டுது. அதையும் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்.

இதை வாசிக்கிற உங்களிலை கொஞ்சப் பேர் இப்பவே சிரிக்கத் தொடங்கியிருப்பியள். மற்ற ஆக்கள் அண்டைக்கு நான் முழிச்ச மாதிரி முழிப்பியள். பொறுங்கோ, எல்லாத்தையும் சொல்லுறன்.

வாளியும் பூட்டும்

போன கிழமை என்ர போர்டிங்கின்ர குளியலறைச் சண்டைகளை எழுதினதுக்கு மூண்டு பழைய பிள்ளையள் கோவிச்சுக்கொண்டு மெசேஜ் போட்டிருக்கினம். கோவிக்கட்டும். நான் பேர் போடேல்லை, தொப்பி அளவெண்டால் போட்டுக்கொள்ளட்டும்.

புதுசாய் வாசிக்கிற ஆக்களுக்காகச் சொல்லுறன். வெள்ளவத்தையிலை, கடல் பக்கம் இறங்குற ஒழுங்கை ஒண்டிலை, லிஃப்ட் இல்லாத ஒரு பழைய ஃபிளாட்டின்ர மூண்டாம் மாடியிலை இருக்கிறன். என்ர மனுசன், எங்கடவர், காலமான பிறகு இரண்டு அறையைப் பொம்பிளைப் பிள்ளையளுக்குப் போர்டிங்காய்க் குடுத்தனான். படிக்கிற பிள்ளையள், வேலைக்குப் போற பிள்ளையள் எண்டு எத்தனையோ பேர் வந்து போயிட்டினம். எல்லாருக்கும் நான் அன்ரி.

ஒரு பிள்ளை வந்து சாமானை இறக்கி வைக்க, நான் முதல் பாக்கிறது வாளியை. போர்டிங்குக்கு வாற எந்தப் பிள்ளையும் ஒரு வாளி கொண்டு வரும். மூடியோடை வாளி கொண்டு வாற பிள்ளை தன்ர கதையை ஒருத்தருக்கும் சொல்லாது. வாளிக்குள்ளை சவுக்காரம், கோப்பை, சீப்பு எல்லாத்தையும் அடைஞ்சு கொண்டு வாறது, வந்த அண்டைக்கே எல்லாரோடையும் கூட்டு. வாளியே கொண்டு வராமல் "அன்ரி, உங்கடைய எடுக்கட்டோ" எண்டு கேக்கிறது இருக்கே, அது மாதக்கடைசியிலை சீனியும் கேக்கும்.

இப்பிடிச் சொல்லிச் சொல்லியே எனக்குள்ளை ஒரு தலைக்கனம் வளந்துபோச்சுது. ஆளைப் பாக்கத் தேவையில்லை, சாமானைப் பாத்தால் காணும் எண்டு.

ஒருக்கால் வன்னிப் பக்கமிருந்து வந்த பிள்ளை ஒண்டு ஐஞ்சு பூட்டுக் கொண்டு வந்தது. சூட்கேசுக்கு ஒண்டு, அலுமாரிக்கு ஒண்டு, பிஸ்கட் டின்னுக்குக்கூட ஒண்டு. "எங்களைக் கள்ளர் எண்டு நினைக்குது போல" எண்டு மற்றப் பிள்ளையளுக்கு முன்னாலை சொல்லிச் சிரிச்சனான். பிறகு ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கேக்கை அதுவாய்ச் சொன்னது, சின்ன வயசிலை கதவே இல்லாத கூடாரத்திலை கன மாதம் இருந்ததெண்டு. பூட்டுப் போட ஒரு சாமான் இருக்கிறதே அதுக்குச் சந்தோசமாம். அண்டைக்கு நான் திருந்தியிருக்கோணும். திருந்தேல்லை.

மூண்டு பேனை

என்னிலை மட்டும் பிழை இல்லை. சாமான் உண்மையாய்க் கதை சொல்லுறதைக் கண்ணாலை கண்டனான்.

கலியாணம் கட்டிக் கொட்டாஞ்சேனையிலை இருந்த காலம், எங்கடவரின்ர சேட்டுப் பொக்கற்றிலை எப்பவும் மூண்டு பேனை நிக்கும். கந்தோர்க்காரன் எண்டு காட்டத்தான் குத்திக்கொண்டு திரியிறார் எண்டு நினைச்சு எனக்கு வெக்கமாய்க்கூட இருந்தது. ஒரு நாள் அவரோடை தபால் கந்தோருக்குப் போனன். ஃபோம் நிரப்புற மேசையடியிலை ஒரு கிழவி நிண்டு நிண்டு பாக்குது. இவர் பேனை ஒண்டை எடுத்து நீட்டினார். அதுக்குப் பிறகு இன்னொரு ஆள் வந்து கேக்க, இரண்டாவதைக் குடுத்தார். மூண்டாவதாலை தன்ர வேலையைப் பாத்தார். வீட்டை வரேக்கை இரண்டு பேனைதான் இருந்தது.

"மற்றது எங்கை?" எண்டு கேட்டன்.

"போயிட்டுது," எண்டார். அவ்வளவுதான்.

அவர் போய் இத்தனை வருசமாச்சு. அவரைப் பற்றி ஆராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்லுவன். நல்ல மனுசன் எண்டு சும்மா சொல்லுறதிலும் பாக்க இது வடிவாய் விளங்கும்.

என்ர கைப்பையையும் சொல்லோணுமெல்லோ. ஒருக்கால் காலி வீதி பஸ்ஸிலை அது கவிண்டு கொட்டுப்பட்டுது. திறப்புக்கொத்து, தைலம், ஊசி குத்தின ஒரு துண்டுத்துணி, முக்கோணமாய் மடிச்ச ஆறு சொப்பிங் பை, ஒரு தேசிக்காய். கொண்டக்டர் பொறுக்கித் தந்துபோட்டு, "அம்மே, கடயக்த?" எண்டு கேட்டான். கடையே வைச்சிருக்கிறியள் எண்டு. பஸ் முழுக்கச் சிரிச்சுது, நானும் சிரிச்சன். எதையும் எறியத் தெரியாத மனுசி எண்டு அண்டைக்கு முழு பஸ்ஸுக்கும் தெரிஞ்சுபோச்சுது.

பைக்குள்ளை இருந்த மனுசன்

இனி நஸ்ரியாவின்ர கதைக்கு வாறன். வெலிகமப் பக்கத்துப் பிள்ளை. தாய் தேப்பன் இல்லை. அக்கவுண்டன்சி படிச்சுக்கொண்டு என்ர வீட்டிலை எட்டு மாதம் இருந்தது. மூடி போட்ட வாளி. நல்ல பிள்ளை, ஆனால் வாய் திறக்காது.

டோஹாவிலை வேலை கிடைச்சுது. டிக்கெட் நினைச்சதுக்கு முன்னமே வந்திட்டுது. ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போய்த் திரும்பி வர, பிள்ளை போயிட்டுது. கட்டிலிலை ஒரு நீலப் பை. அதிலை ஒட்டின கடுதாசியிலை "தாத்தாவுக்கு" எண்டு எழுதியிருந்தது.

எயார்போட்டிலை இருந்து கோல் எடுத்தது. "அன்ரி, ஒங்களுக்குச் செல்லாமப் போறதுக்குக் கோவிக்க வாணாம். அந்தப் பைய மட்டும் குடுத்திடுங்க. வருவாங்களோ தெரியா. வந்தாங்கெண்டா கீழ போய்க் குடுத்தா நல்லம், அவங்களுக்குப் படி ஏற ஏலா," எண்டு சொல்லிப்போட்டு உடனை போனை வைச்சிட்டுது.

சரி, தாத்தா ஒருத்தர் இருக்கிறார், கால் ஏலாது. தாயின்ர தேப்பனாய் இருக்கும் எண்டு நினைச்சன்.

பையைத் திறந்து பாத்தன். ஓம், பாத்தனான்தான். ஏச விரும்புறவை ஏசுங்கோ.

உள்ளுக்கு வாசிக்கிற கண்ணாடி இரண்டு. முழங்காலுக்குப் போடுற பட்டி ஒரு சோடி. சுடுதண்ணிப் பை ஒண்டு. வலித் தைலம். பெரிய பெரிய எண் போட்ட கைமணிக்கூடு. மெத்தெண்ட செருப்பு, சின்ன சைஸ். மஸ்கட் இனிப்பு ஒரு பெட்டி. அடியிலை, ஊசிக்கு நூல் கோக்கிற சின்னத் தகடு ஒரு பக்கெற்.

எல்லாத்தையும் கட்டிலிலை பரப்பி வைச்சுக்கொண்டு, இந்த மகாபுத்திசாலி ஒரு மனுசனைக் கட்டி எழுப்பினா. எழுபத்தைஞ்சு வயசு இருக்கும். கண் மங்கல், கால் ஏலாது. மஸ்கட் மெதுவான இனிப்பு, அப்ப பல்லும் இல்லை. செருப்பு சின்னன், அப்ப ஆளும் சின்ன ஆள். ஊசித் தகட்டைப் பாத்த உடனை மிச்சமும் விளங்கிச்சுது. மனுசி செத்துப்போன மனுசன், தன்ர சேட்டுக்குத் தானே பொத்தான் தைக்கிறார், பாவம்.

பொய் சொல்லக் கூடாது. அடுத்த நாள் சனிக்கிழமை நான் நல்ல சீலையாய் ஒண்டு உடுத்தனான். நல்ல கோப்பை ஒண்டையும் கழுவித் துடைச்சு வைச்சனான். கீழை போய்க் குடுக்கிறதெண்டாலும், ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காமல் விடேலுமே. அந்த வயசிலை ஒரு மனுசனோடை இருந்து கதைச்சுக் கனகாலம்.

அப்பிடிக் காத்துக்கொண்டிருக்கத்தான் கதவு தட்டுப்பட்டுது. திறந்தால் ஒரு பொம்பிளை நிண்டு, நான்தான் தாத்தா எண்டுது. என்ர கோவத்தின்ர பாதி எங்கை இருந்து வந்ததெண்டு இப்ப விளங்குதே?

ஃபாரூக் நானாவின்ர கடை

பின்னேரம் பாண் வாங்கக் கீழை இறங்கினன். ஒழுங்கை முகப்பிலை ஃபாரூக் நானாவின்ர பலசரக்குக் கடை. இருபது வருசமாய் அவரிட்டைத்தான் சாமான் வாங்குறன். கள்ளி ஒருத்தி வந்த கதையைச் சொன்னன். "நானா, உலகத்திலை இப்பிடியும் ஒரு துணிவோ? பொம்பிளை வந்து நிண்டு நான்தான் தாத்தா எண்டுது," எண்டன்.

நானா தராசிலை இருந்த கையை எடுக்காமல் சிரிச்சார், சிரிச்சார், கண்ணிலை தண்ணி வருமட்டும் சிரிச்சார். "அக்கா, நீங்க இவ்வளவு காலம் கொழும்புல ஈந்தும் தெரியாதா? எங்கட ஆக்கள் மூத்த சகோதரியத்தான் தாத்தா எண்டு சொல்ற. நீங்க அக்கா எண்டு சொல்ற மாதிரி."

சிங்களத்திலை தாத்தா எண்டால் அப்பா எண்டு எனக்குத் தெரியும். இந்தியாக்காரருக்கு அது பாட்டன் எண்டும் தெரியும். வாப்பா அப்பா, உம்மா அம்மா, நானா அண்ணை எண்டு எல்லாம் தெரியும். இருபது வருசம் இந்தக் கடையிலை மல்லி மிளகாய் வாங்கின எனக்கு இந்த ஒரு சொல் தெரியேல்லை.

"அப்ப குடுத்தனுப்பினீங்கதானே?" எண்டு நானா கேட்டார்.

வாசலிலை அவவுக்கு நான் சொன்ன பொய்யைச் சொன்னன். நானா சிரிப்பை நிப்பாட்டினார். "அது சரியில்லயே அக்கா," எண்டார்.

மேலை வந்து கொப்பியை எடுத்தன். யுத்தம் நடக்கேக்கை வெள்ளவத்தையிலை பொலிஸ் ஆள்பதிவுக்குப் பயந்து பயந்து இருந்த காலத்திலை வந்த பழக்கம், இப்பவும் ஒவ்வொரு பிள்ளையின்ர விபரமும் கொப்பியிலை எழுதி வைப்பன். நஸ்ரியாவின்ர பக்கத்திலை, பாதுகாவலர் எண்ட இடத்திலை, என்ர கையெழுத்திலை "சித்தி றிஃபாயா, தெமட்டகொடை" எண்டு கிடந்தது. இவ்வளவு நாளும் தாயின்ர தங்கச்சி எண்டு நினைச்சு, "சித்தி சுகமோ பிள்ளை" எண்டு கேட்டிருக்கிறன். "சுகமா ஈப்பாங்க அன்ரி" எண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு சொல்லும். சித்தி எண்டது அவவின்ர பேரின்ர முன்பாதி. அதையும் திரும்பக் கீழை போய்க் கேக்க நானாதான் சொல்லித் தந்தவர்.

ஒரு வீட்டுக்குள்ளை ஒரே தமிழ் கதைச்சுக்கொண்டு, இரண்டு சொல்லாலை ஒரே ஆளை இரண்டு பேராய்ப் பிழையாய் விளங்கியிருந்திருக்கிறன்.

தெமட்டகொடை

ஞாயிறு காலமை புது நம்பர் ஒண்டிலை இருந்து மெசேஜ் வந்தது. "அன்ரி, தாத்தா வந்தாங்களா?"

என்ன பதில் போடுறது? வந்தவ, நான் கலைச்சுப்போட்டன் எண்டோ? போனைக் கைப்பைக்குள்ளை வைச்சுப்போட்டு நீலப் பையைத் தூக்கிக்கொண்டு த்ரீவீல் பிடிச்சன்.

தெமட்டகொடையிலை றெயில் யாட்டுக்குப் பக்கத்திலை ஒரு சின்ன ஒழுங்கை. வீட்டு நம்பர் ஒண்டுக்கும் ஒண்டுக்கும் சம்பந்தமில்லை. வாசலிலை சைக்கிள் துடைச்சுக்கொண்டிருந்த ஒரு ஆளிட்டை றிஃபாயா எண்ட பேரைச் சொல்லிக் கேட்டன். "மஹன அக்காத?" எண்டு கேட்டு, ஒழுங்கையின்ர கடைசியைக் காட்டினார். தைக்கிற அக்காவோ எண்டு. அப்பதான் ஊசித் தகடு எனக்கு வடிவாய் விளங்கிச்சுது.

ஒரே ஒரு அறை. யன்னலோடை கால் மிதிக்கிற மிஷின். அறை முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர வெள்ளை உடுப்பு, வெட்டினது பாதி, தைச்சது பாதி. அவ ஒரு துணியை மூக்கோடை முட்டப் பிடிச்சு நூல் பாத்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டவுடனை எழும்பினா, முழங்காலிலை கையை ஊண்டித்தான் எழும்பினா. அந்த முழங்காலையும் அந்தக் கண்ணையும் எனக்கு ஏற்கெனவே தெரியும். பையிலை பாத்தனான். சாமான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. நான்தான் ஆளுக்கு நாற்பது வயசு கூட்டிப்போட்டன்.

"பிள்ளை, நேற்று நான் செய்தது பெரிய பிழை," எண்டன். "நஸ்ரியா குடுக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை. அது நான் சொன்ன பொய். தாத்தா எண்டால் கிழவன் எண்டு நினைச்சுப்போட்டன்."

அவ பையை வாங்கேல்லை. என்னை இருக்கச் சொல்லி ஒரு கதிரையை மட்டும் இழுத்துப் போட்டா.

"எட்டு மாசம் என்னோட கதைக்கல்ல," எண்டா. "மிஷின் சத்தத்துல படிக்க ஏலாதாம். கரச்சலாம். இப்பிடிச் செல்லிட்டுப் போனா. உம்மா மௌத்தான நாள்ல இருந்து அவ இந்தச் சத்தத்துலதான் தூங்கின, இந்தச் சத்தத்துலதான் சாப்பிட்ட. நானும் ஏசிட்டேன், போ, திரும்பி வராத எண்டு." துணியை மடிச்சு மடிச்சு வைச்சா. "போறண்டைக்கு ஒரு மெசேஜ், பை ஈக்கிது, விருப்பமெண்டா எடுங்கெண்டு. விருப்பமில்லாமலா மூணு மாடி ஏறி வந்தேன்? அங்க வந்து பார்த்தா, எனக்குக் குடுக்க வாணாமெண்டு."

என்ர ஒரு பொய் எங்கை போய்க் குத்தியிருக்குதெண்டு அப்பதான் கண்டன். வெக்கம் எண்டது காணாது. அழுகை வந்தது, அழுதன்.

பிறகு நானே பையின்ர சிப்பை இழுத்து, ஒவ்வொண்டாய் எடுத்து மிஷினுக்கு மேலை வைச்சன். வைக்க வைக்க, எந்தச் சாமானைப் பாத்து என்ன நினைச்சனான் எண்டும் சொன்னன். பல்லில்லாத கிழவனை, பொத்தான் தைக்கிற மனுசனை, நான் உடுத்த நல்ல சீலையை, கழுவி வைச்ச கோப்பையை, எல்லாத்தையும். சீலைக்கு அவவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா.

முழங்கால் பட்டியைக் கையிலை எடுத்தவுடனை சிரிப்பு நிண்டுபோச்சுது. "கால் வருத்தத்த நான் ஒரு நாளும் அவளுக்குச் செல்லல்ல," எண்டா. "கண் தெரியாததயும் செல்லல்ல."

அந்த அறைக்குள்ளை வாய் திறக்காமல் இருந்த பிள்ளை எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்குது. ஒரு பையைப் பாத்து ஒரு ஆளைச் சொல்லலாம் எண்டு நினைச்ச எனக்கு, அதுக்குள்ளை இரண்டு பேர் இருந்தது தெரியேல்லை.

நான் போனை எடுத்து அந்தப் புது நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரிலை போட்டு அவவின்ர கையிலை குடுத்தன். இரண்டாம் தரம் மணி அடிக்கவே மற்றப் பக்கம் எடுத்தாச்சு. "ஹலோ அன்ரி?" எண்டு கேட்டுது. அவ போனை வெறிச்சுப் பாத்துக்கொண்டு இருந்தா.

"பட்டி பெரிசு," எண்டா திடீரெண்டு. "யாரக் கேட்டு வாங்கின? அளவு தெரியாம வாங்கிறதா? என்ட கால் என்ன ஆனைட காலா? கண்ணாடிய யாரும் டெஸ்ட் பண்ணாம வாங்குவாங்களா? ரெண்டு வேற. சல்லி மரத்துலயா காய்க்கிது ஒனக்கு? மஸ்கட்ட வெயில்ல வெச்சிட்டுப் போயிருக்கிறாய், உருகி ஒட்டிப்போய் ஈக்கிது. அங்க சாப்பிட்டியா? என்னத்தச் சாப்பிட்ட?"

மற்றப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் கட்டாகிப்போச்சுதாக்கும் எண்டு நான் எட்டிப் பாத்தன். கட்டாகேல்லை. பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"ஏசுங்க தாத்தா," எண்டு கேட்டுது. "இன்னும் ஏசுங்க."

அவ ஏசினா. நான் வாசலிலை போய் நிண்டு செருப்பைப் போட்டுக்கொண்டன். போன் என்ர, அது வேணும். ஆனால் போய்க் கேக்க மனமில்லை. மூண்டு றெயில் போய் முடிஞ்சுது, ஏச்சு முடியேல்லை.